அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் புத்தகத் தடை: தமிழ்ப் பெற்றோருக்கான கேள்வி-பதில்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பப்ளிக் ஸ்கூலில் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் நிற்கின்றன. "இந்தப் புத்தகம் என் பெண்ணின் பைக்குள் எப்படி வந்தது?" என்பவர்களும் உண்டு. "யாரோ புகார் கொடுத்தால் என் பையன் ஏன் படிக்கக் கூடாது?" என்பவர்களும் உண்டு. இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். எங்கள் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மேடையில் நடப்பது கொள்கைச் சண்டை. புத்தகம் அலமாரியில் இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிப்பதோ விதிமுறையில் உள்ள இரண்டு மூன்று வரிகள்.

கடையில் தாராளமாகக் கிடைக்கும் புத்தகத்தை 'தடை செய்துவிட்டார்கள்' என்பது மிகைதானே?

விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அது உண்மை. பேச்சு பள்ளி நூலக அலமாரியைப் பற்றியது. பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு, உள்ளடக்கத்தைக் காரணம் காட்டிப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, பரிசீலனைக்காக உள்ளே எடுத்து வைத்தாலும் சரி, பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் தருவோம் என்றாலும் சரி, தடைக் கணக்கில் சேர்க்கிறது. ஒரே புத்தகம் பத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் பப்ளிக் ஸ்கூல்களை நடத்தும் நிர்வாகம்) எடுக்கப்பட்டால் பத்து என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 2021–22 கல்வியாண்டில் 2,532, அடுத்த ஆண்டு 3,362, 2023–24இல் 10,046, 2024–25இல் 6,870. பத்தாயிரத்தைத் தாண்டிய ஆண்டில் தனித்தனித் தலைப்புகள் 4,231தான்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கு வேறு. அது எடுக்கச் சொல்லி வந்த கோரிக்கைகளை எண்ணுகிறது, ஊர்ப் பொது நூலகங்களையும் சேர்த்துக்கொள்கிறது. 2024இல் 821 முயற்சிகள், 2,452 தலைப்புகள் என்றது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து "ஒருவர் பொய் சொல்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் அர்த்தமில்லை. தற்காலிகமாக எடுத்ததையும் தடை என்று எண்ணுவது கணக்கை ஊதிப் பெருக்குகிறது என்ற விமர்சனத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் 'தற்காலிகம்' ஒரு முழுக் கல்வியாண்டைத் தாண்டிய இடங்களும் உண்டு. எட்டாம் வகுப்பில் கேட்ட பையனுக்கு ஒன்பதாம் வகுப்பில் கிடைத்து என்ன பயன்?

முடிவெடுப்பது யார்?

நாடு முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள். பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டு உண்டு. போர்டு ஒரு தேர்வுக் கொள்கையை நிறைவேற்றி வைத்திருக்கும். அதன்படி நூலகர், தொழில்முறை மதிப்புரை இதழ்களைப் பார்த்துப் புத்தகம் வாங்குவார். இதற்கு மேலே மாநிலச் சட்டம். ஆகவே "அமெரிக்காவில் தடை" என்று செய்தி வந்தால் எந்த மாநிலம், எந்த டிஸ்ட்ரிக்ட் என்று முதலில் பாருங்கள். ஒரே ஹைவேயின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு டிஸ்ட்ரிக்டுகளில் நேரெதிர் விதிகள் இருக்கலாம்.

இந்தச் சண்டை கோவிட் காலத்தில்தான் தொடங்கியதா?

சூடு பிடித்தது அப்போது. ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்த பெற்றோர், மாஸ்க் விதிமுறைக்காகப் போர்டு கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். பலர் அப்படியே நூலகப் பக்கம் திரும்பினார்கள். 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 'மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி' என்ற வலதுசாரிப் பெற்றோர் அமைப்பு உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் மேட் கிரவுஸ் சுமார் 850 புத்தகங்களின் பட்டியலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, எத்தனை பிரதி இருக்கிறது, எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்டார். எடு என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சில டிஸ்ட்ரிக்டுகள் தாமாகவே எடுக்கத் தொடங்கின.

ஆனால் சட்டப்படி எல்லாரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் வழக்கு 1970களில் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் டிஸ்ட்ரிக்டில் போர்டு உறுப்பினர்கள் சிலர் ஒரு பெற்றோர் மாநாட்டிலிருந்து பட்டியலோடு வந்தார்கள். 1976இல் புத்தகங்கள் நூலகத்திலிருந்து எடுக்கப்பட்டன. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் வேறு நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது? அதோடு முடிந்துவிட வேண்டியதுதானே?

முடியாததற்குக் காரணம் அந்தத் தீர்ப்பின் அமைப்பு. நீதிபதி பிரென்னன் எழுதியது இது: புத்தகத்தில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் போர்டு அதை நூலகத்திலிருந்து அகற்றக் கூடாது, முழுக்க ஆபாசமாகவோ கல்விக்குத் தகுதியற்றதாகவோ இருந்தால் அகற்றலாம். ஆனால் இந்தக் கருத்துக்கு ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் கையெழுத்து கிடைக்கவில்லை. ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி வைட், வழக்கு விசாரணைக்குப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அரசியல் சட்டக் கேள்விக்குள் போகவே மறுத்தார். பெரும்பான்மைக் கருத்து இல்லாத தீர்ப்பு எல்லா நீதிமன்றங்களையும் முழுமையாகக் கட்டுப்படுத்தாது. போதாக்குறைக்கு, பிரென்னன் பேசியது இருப்பதை எடுப்பது பற்றி மட்டுமே; வாங்காமல் விடுவது பற்றி அல்ல.

2025 மே மாதம் டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது சர்க்யூட், லானோ கவுண்டி வழக்கில் 10–7 என்ற கணக்கில் இதற்கு நேரெதிராகத் தீர்ப்பளித்தது: நூலகம் ஒரு புத்தகத்தை அகற்றினால் 'தகவல் பெறும் உரிமை' மீறப்பட்டதாக வாசகர் வழக்குப் போட முடியாது. வழக்கு டெக்சஸின் ஒரு பொது நூலகத்தில் எடுக்கப்பட்ட 17 புத்தகங்களைப் பற்றியது. இன வரலாறு, பாலினம் பற்றிய புத்தகங்களோடு, குசு விடுவதை வைத்துச் சிரிக்கவைக்கும் குழந்தைக் கதைகளும் அந்தப் பதினேழில் அடக்கம். பள்ளிகளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், இதே நீதிமன்றம் 1995இல் லூசியானா பள்ளி நூலக வழக்கு ஒன்றில் மாணவர் பக்கம் சாய்ந்து தந்திருந்த தீர்ப்பையும் இது ரத்து செய்தது. டிசம்பர் 2025இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. எனவே டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பியில் அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகும் பாதை இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் போர்டு தேர்தலையும் டிஸ்ட்ரிக்ட் விதிமுறையையும்தான் நம்பியாக வேண்டும்.

ஆபாசம் என்றால் ஆபாசம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு வாதம்?

சட்டத்தில் ஆபாசத்துக்கு மூன்று படிகள் உள்ள ஒரு சோதனை உண்டு. 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. காம இச்சையைத் தூண்டுவதே நோக்கமா, பாலுறவை அருவருப்பாகக் காட்டுகிறதா, இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு எதுவும் இல்லையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் ஆபாசம். முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் புத்தகத்தை முழுதாக வைத்துத்தான் கேட்க வேண்டும். சிறுவர்கள் என்றால் அளவுகோல் கொஞ்சம் இறுகும். அது 1968 ஜின்ஸ்பர்க் வழக்கிலிருந்து வருகிறது.

சண்டை எல்லாம் இந்த 'முழுதாக' என்ற நிபந்தனை மீதுதான். போர்டு கூட்டத்தில் ஒரு பத்தியை உரக்கப் படித்தால் அரங்கம் அதிரும். 300 பக்க நாவலில் அந்தப் பத்தி ஒரு பெண்ணுக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொல்கிறதா, கிளுகிளுப்புக்காக எழுதப்பட்டதா என்பது பத்தியை மட்டும் கேட்டால் தெரியாது. புதிய மாநிலச் சட்டங்கள் பலவற்றின் சாரம், இந்த நிபந்தனையைச் சத்தமில்லாமல் விலக்குவதே. அயோவாவின் 2023 சட்டம் 'பாலுறவுச் செயலின் விவரிப்பு' இருந்தாலே போதும் என்றது. மத நூல்களுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சட்டத்தை நிறைவேற்ற மேசன் சிட்டி டிஸ்ட்ரிக்ட் 2023இல் சாட்ஜிபிடியிடம் "இந்தப் புத்தகத்தில் பாலுறவுச் செயலின் விவரிப்பு இருக்கிறதா?" என்று ஒவ்வொரு தலைப்பாகக் கேட்டு, 19 புத்தகங்களை எடுத்தது. எல்லாவற்றையும் படித்துப் பார்க்க நேரமில்லை என்பதுதான் காரணம். சட்டம் அப்படி எழுதப்பட்டால் வேலையும் அப்படித்தான் நடக்கும்.

எங்கள் மாநிலத்தில் விதி என்ன?

ஐம்பதையும் எழுத இங்கே இடமில்லை. தமிழர்கள் அதிகம் இருப்பவை, விதி வித்தியாசமானவை என்று சிலவற்றைப் பார்ப்போம்.

ஃபுளோரிடா: 2023 சட்டப்படி, பாலியல் நடத்தையைக் காட்டுவதாகவோ விவரிப்பதாகவோ ஆட்சேபம் வந்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும், முடிவு வரும்வரை திரும்பாது. அதாவது தண்டனை முதலில், விசாரணை பிறகு. போர்டு கூட்டத்தில் பெற்றோர் பத்தியைப் படிக்கும்போது உள்ளடக்கத்தைக் காரணம் காட்டித் தடுத்தால், அந்தப் புத்தகத்தை டிஸ்ட்ரிக்ட் கைவிட வேண்டும் என்றும் உண்டு. அந்த டிஸ்ட்ரிக்டில் பிள்ளை படிக்காதவரும் ஆட்சேபம் தரலாம். ஆனால் 2024 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றுதான். 2025 ஆகஸ்டில் ஒரு ஃபெடரல் நீதிபதி 'விவரிப்பது' என்ற பகுதி அளவுக்கு மீறிப் பரந்தது என்று செல்லாததாக்கினார்; மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது.

டெக்சஸ்: 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்பி 13 என்ற சட்டம். வாங்கப்போகும் புத்தகப் பட்டியலை 30 நாள் பொதுவில் வைத்து, பிறகு போர்டு ஒப்புதல் தர வேண்டும். மாணவர்களில் 10 சதவீதத்தின் பெற்றோர் அல்லது 50 பெற்றோர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் மனு கொடுத்தால் நூலக ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். ஆட்சேபத்துக்குள்ளான புத்தகம் முடிவு வரும்வரை மாணவர் கைக்குப் போகக் கூடாது. இதற்கு முந்தைய 2023 சட்டம், புத்தகக் கடைக்காரர்களே பாலியல் தரவரிசை போட்டுத் தர வேண்டும் என்றது. அந்தப் பகுதியை 2024 ஜனவரியில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

யூட்டா: மூன்று டிஸ்ட்ரிக்டுகள், அல்லது இரண்டு டிஸ்ட்ரிக்டுகளும் ஐந்து சார்ட்டர் பள்ளிகளும் (அரசு நிதியில், தனி நிர்வாகத்தில் இயங்குபவை), ஒரு புத்தகத்தைச் சட்டம் சொல்லும் வகையில் கூடாதென்று முடிவெடுத்தால் அது மாநிலம் முழுவதும் போய்விடும். 2024 ஆகஸ்டில் வந்த முதல் பட்டியலில் 13 தலைப்புகள். உங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒருவர்கூட புகார் கொடுக்காமலே புத்தகம் போகலாம் என்பது இதன் விளைவு. இதே யூட்டாவில்தான் முந்தைய சட்டத்தைக் கேலி செய்ய ஒருவர் பைபிள் மீது புகார் கொடுத்தார். டேவிஸ் டிஸ்ட்ரிக்ட் 2023இல் அதைத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து எடுத்தே விட்டது. எதிர்ப்பு வந்ததும் ஜூனிலேயே திருப்பி வைத்தது.

எதிர்த் திசையில் இல்லினாய். 2024 ஜனவரி 1 முதல், மாநில நூலக நிதி வேண்டுமென்றால், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்னும் நூலகச் சங்கத்தின் உரிமைச் சாசனத்தையோ அதற்கு நிகரான கொள்கையையோ ஏற்க வேண்டும். நியூஜெர்சி 2024 டிசம்பரில் இதே போக்கில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டது. அங்கே கூடப் புகார் கொடுக்கலாம், குழு கூடும். புகாரே கொடுக்க முடியாது என்பது வதந்தி.

யாரும் புகார் கொடுக்கவில்லை, ஆனாலும் புத்தகம் காணோம். எப்படி?

இதுதான் அதிகம் நடப்பது, குறைவாகப் பேசப்படுவது. ஃபுளோரிடாவில் சிறாருக்குத் தீங்கான பொருளைப் பள்ளியில் வழங்கினால் அது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. புத்தகம் அந்த வரையறைக்குள் வராது என்று வழக்கறிஞர் சொல்லலாம். ஆனால் வகுப்பாசிரியர் அந்த ரிஸ்க்கை எடுப்பாரா? 2023 ஜனவரியில் மனாட்டி கவுண்டியில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு அலமாரிகளைக் காகிதம் ஒட்டி மூடிவைத்தார்கள். எஸ்காம்பியா கவுண்டியில் பரிசீலனைக்கென்று எடுத்து வைத்த 1,600க்கும் மேற்பட்ட தலைப்புகளில் அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இருந்தன. அகராதி மீது எந்தப் பெற்றோருக்கும் கோபமில்லை. அதிலும் 'பாலுறவு' என்ற சொல்லுக்குப் பொருள் போட்டிருக்கிறது, அவ்வளவே.

இன்னும் நுட்பமானது வாங்காமல் விடுவது. மதிப்புரையில் 'முதிர்ந்த வாசகருக்கு' என்ற குறிப்பைப் பார்த்ததும் ஆர்டர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், எந்தக் கணக்கிலும் அது தடையாக வராது.

பழைய புத்தகங்களைக் கழிப்பதும் தடைதானா?

இல்லை. நூலகம் ஒழுங்காக இயங்க ஆண்டுதோறும் கழித்தே ஆக வேண்டும். தவறான தகவல், கிழிந்த அட்டை, புதிய பதிப்பு வந்துவிட்டது, பாடத்துக்குப் பொருந்தவில்லை, பக்கத்து நூலகத்தில் சுலபமாகக் கிடைக்கிறது போன்ற காரணங்களை நூலகர்கள் குறியீடாகவே வைத்திருக்கிறார்கள். புளூட்டோவைக் கோளாகச் சொல்லும் புத்தகத்தை எடுத்தால் யாரும் கவலைப்பட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: கடைசியாக எப்போது வெளியே போனது, கழித்த தேதி என்ன, மாற்றுப் பிரதி வாங்கினார்களா? போன மாதம்கூட மாணவர்கள் எடுத்துப் படித்த, அட்டை கலையாத ஒரு புத்தகம், புகார் வந்த வாரத்திலேயே 'கழிவு' என்று பதிவாகியிருந்தால் அது கழித்தல் அல்ல.

என் பிள்ளை மட்டும் ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

இதற்கு யாரோடும் சண்டை வேண்டாம். நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, புத்தகத் தலைப்பு அல்லது வகை. பெரும்பாலான பள்ளிகளின் நூலக மென்பொருளில் மாணவர் கணக்கில் குறிப்பு போட வசதி உண்டு. அட்டையை ஸ்கேன் செய்யும்போது திரையில் அது தெரியும். 'கெட்ட புத்தகம் எதுவும் வேண்டாம்' என்று எழுதினால் யாராலும் அமல்படுத்த முடியாது. குறிப்பாக எழுதுங்கள். இந்தத் தடுப்பு நூலகக் கவுண்டரோடு முடிகிறது. வகுப்பில் உள்ள அலமாரிக்குத் தனியாக ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், தோழியின் போனுக்கு எந்தப் படிவமும் இல்லை.

எந்தப் பிள்ளைக்கும் அந்தப் புத்தகம் கூடாது என்று நினைத்தால்?

முறையான வழி இருக்கிறது. முதலில் நூலகரிடமோ பிரின்சிபாலிடமோ பேசுங்கள். பாதிப் புகார்கள் 'இது ஹைஸ்கூல் அலமாரியில்தான் இருக்கிறது, உங்கள் பிள்ளையின் பள்ளியில் இல்லை' என்பதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் மறுபரிசீலனைப் படிவத்தைத் தேடுங்கள். அதில் தலைப்பு, ஆசிரியர், எந்தப் பள்ளி, முழுதும் படித்தீர்களா, எந்தப் பக்கங்கள், என்ன நடவடிக்கை வேண்டும் என்று கேட்பார்கள்.

நூலகர், ஆசிரியர், நிர்வாகி, பெற்றோர் என்று ஒரு குழு முழுப் புத்தகத்தையும் படித்து எழுத்தில் முடிவு தரும். முடிவு நான்கு விதமாக வரலாம்: அப்படியே இருக்கட்டும், மேல்நிலைப் பள்ளிக்கு மாற்று, பெற்றோர் அனுமதியோடு கொடு, எடு. ஒப்பவில்லை என்றால் போர்டுக்கு மேல்முறையீடு.

புகார்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஏதோ இணையதளத்தின் மதிப்பெண்ணையும் வெட்டி ஒட்டிய மேற்கோளையும் வைத்து எழுதுவார்கள். பக்க எண் வேறு பதிப்புடையது. புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் குழு அந்தப் பக்கத்தில் எதையும் காணாது. அல்லது 40 தலைப்புகளை ஒரே கடிதத்தில் இணைப்பார்கள். ஒரு படிவத்துக்கு ஒரு தலைப்பு என்ற விதியில் அடிபடும். 'எடு' என்பதை மட்டுமே கேட்பதும் உத்தியாக நல்லதல்ல. ஆறாம் வகுப்புக்கு வேண்டாம், ஒன்பதாம் வகுப்புக்குச் சரி என்று எழுதிய புகாருக்குக் குழுக்கள் காது கொடுக்கின்றன.

இன்னொன்று: அந்தப் படிவம் பொது ஆவணம். உங்கள் பெயரோடு பத்திரிகையாளர் கேட்டு வாங்க முடியும்.

எடுத்த புத்தகம் திரும்ப வர வேண்டும். எங்கே தொடங்குவது?

ஊர்வலத்தில் அல்ல, ஆவணத்தில். டிஸ்ட்ரிக்டுக்குப் பொதுத் தகவல் கோரிக்கை அனுப்புங்கள்: வந்த புகார்ப் படிவங்கள், குழுவின் முடிவு, கடந்த 12 மாதங்களில் எடுக்கப்பட்ட தலைப்புகள் தேதியோடு, நூலகர்களுக்கு நிர்வாகம் அனுப்பிய மின்னஞ்சல்கள். டெக்சஸில் பொதுவாக 10 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். தேதி வரம்பு போடாமல் 'எல்லா மின்னஞ்சலும்' என்று கேட்டால் நகல் செலவென்று பெரிய தொகை கேட்பார்கள்.

கையில் வந்ததை டிஸ்ட்ரிக்டின் சொந்த விதிமுறையோடு ஒப்பிடுங்கள். குழு கூடியதா? பரிசீலனை முடியும்வரை அலமாரியில் இருக்கட்டும் என்று விதி சொல்லும்போது முன்பே எடுத்தார்களா? எழுத்தில் காரணம் உண்டா? மாநிலச் சட்டம் மாற்றாத இடங்களில், புத்தகங்கள் திரும்பி வந்ததற்கு அழகான பேச்சைவிட இந்த நடைமுறைப் பிழைகள்தான் அதிகம் உதவியிருக்கின்றன.

போர்டு கூட்டத்தில் பேச வழக்கமாக மூன்று நிமிடம். சில இடங்களில் இரண்டு. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடம் என்பது சுமார் 350 சொல். பெயர்ப் பதிவு பல இடங்களில் கூட்டத்துக்கு முன்தினம் மதியமே மூடிவிடும். "புத்தகத்தை எரித்தவர்கள் வரலாற்றில்..." என்று தொடங்கும் பேச்சை உறுப்பினர்கள் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். 'நமது கொள்கையின் இன்ன பிரிவுப்படி குழு கூடவில்லை' என்றால் அவர்களுடைய வழக்கறிஞர் பேனாவை எடுப்பார். வாக்கெடுப்பு நாளில் கூட்டமாகப் போவதைவிட, குழு கூடும்முன் போவது பலன் தரும்.

புகார் கொடுப்பவர்கள் உண்மையிலேயே பெற்றோர்தானா?

சிலர் ஆம். ஆனால் வாஷிங்டன் போஸ்ட் 2021–22இன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைத் திரட்டிப் பார்த்தபோது, சுமார் 60 சதவீதம் வெறும் 11 பேரிடமிருந்து வந்திருந்தது. நூலகச் சங்கத்தின் 2024 கணக்கில் தனிப்பட்ட பெற்றோர் 16 சதவீதம். 72 சதவீதம் அமைப்புகளும் அரசுப் பொறுப்பில் இருப்பவர்களும். 'பெற்றோர் கொந்தளிக்கிறார்கள்' என்ற வரியைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. அதே சமயம், நேர்மையாக வருத்தப்படும் அந்தப் பதினாறு சதவீதத்தை 'வெறியர்' என்று முத்திரை குத்துவதும் எங்களுக்கு ஏற்பில்லை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் வயது பற்றிய கேள்வி. அதற்குப் பதில் உண்டு.

இடதுசாரிகள் புத்தகங்களை எடுத்ததே இல்லையா?

எடுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் 2020இல், இனவெறிச் சொற்கள் கறுப்பின மாணவர்களைக் காயப்படுத்துகின்றன என்ற புகாரின்பேரில், சில பழைய அமெரிக்க நாவல்கள் கட்டாயப் பாடப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எண்ணிக்கையில் இப்போதைய அலையோடு ஒப்பிட முடியாது. பாடத்திலிருந்து எடுப்பதும் நூலகத்திலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் 'அவர்கள் மட்டும்தான்' என்பது தவறு.

பாடத்துக்கும் நூலகத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

வகுப்பில் பாடமாக வைப்பதைப் பிள்ளை தவிர்க்க முடியாது. நூலகப் புத்தகத்தைத் தானே போய் எடுக்க வேண்டும். அதனால் பாடத்தில் போர்டுக்கு அதிகாரம் அதிகம். டென்னசியின் மெக்மின் கவுண்டி 2022 ஜனவரியில் யூத இனப்படுகொலை பற்றிய ஒரு சித்திர நாவலை 10–0 என்று நீக்கியது எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான். உலகம் முழுக்க அது நூலகத் தடை என்றே செய்தியானது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி வழக்கில், மத நம்பிக்கை கொண்ட பெற்றோர் சில கதைப் புத்தகப் பாடங்களிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்று 6–3இல் சொன்னதும் வகுப்பறையைப் பற்றியதே. கலிஃபோர்னியாவில் 2005–06இல் இந்தியா பற்றிய பாடநூல் வரிகளுக்காக இந்து அமைப்புகள் ஒரு பக்கமும் சில ஆய்வாளர்கள் மறுபக்கமும் மோதியதும் பாடநூல் சண்டை. அதன் விதிகளை நூலகத்துக்குப் பொருத்திப் பேசினால் குழு உங்களைத் திருத்தும்.

வாஷிங்டன் என்ன செய்கிறது?

கொஞ்சம்தான். 2025 ஜனவரியில் ஃபெடரல் கல்வித் துறை புத்தக நீக்கம் தொடர்பான 11 புகார்களைத் தள்ளுபடி செய்து, இதற்கென இருந்த ஒருங்கிணைப்பாளர் பதவியையும் எடுத்துவிட்டது. நேரடியாக ஃபெடரல் கையில் இருப்பவை ராணுவக் குடும்பங்களுக்கான பள்ளிகள். அங்கே 2025இல் 600க்குக் கொஞ்சம் குறைவான தலைப்புகள் எடுக்கப்பட்டன. அக்டோபரில் ஒரு நீதிபதி, வழக்குப் போட்ட குடும்பங்களின் ஐந்து பள்ளிகளில் அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். இதில் தலையிட்டால் சிக்கலா?

படிவம் கொடுக்கவும் கூட்டத்தில் பேசவும் குழுவில் பெற்றோராக உட்காரவும் பொதுவாகக் குடியுரிமை கேட்பதில்லை. டிஸ்ட்ரிக்டில் வசிப்பதோ பிள்ளை அங்கே படிப்பதோ போதும். போர்டு தேர்தலில் வாக்களிப்பது வேறு. சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற சில ஊர்கள் தவிர, குடிமக்கள் அல்லாதோர் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது கவனக்குறைவாக அந்தப் பெட்டியில் டிக் போட்டால்கூட பின்னால் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் ஆபத்து. கூட்டங்கள் வீடியோவில் பதிவாகி இணையத்தில் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

நீக்கிய புத்தகத்தை நாங்களே வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தால்?

நன்கொடையும் அதே தேர்வுக் கொள்கைக்குள்தான் வரும். டெக்சஸில் நன்கொடைப் புத்தகத்துக்கும் போர்டு ஒப்புதல் வேண்டும். நீக்கப்பட்ட தலைப்பைப் பெட்டியில் போட்டு நூலகர் மேசையில் வைப்பது அவரைத்தான் மாட்டிவிடும். ஊர்ப் பொது நூலகத்தில் பிள்ளைக்குத் தனி அட்டை எடுத்துக் கொடுப்பது நேரான வழி. 13 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு, அமெரிக்காவில் எங்கே இருந்தாலும், புரூக்ளின் பொது நூலகம் 2022 முதல் இலவச மின்-அட்டை தருகிறது. வயதுக்குள் இருக்கும் பிள்ளையே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும். மின்புத்தகங்களும் ஒலிப்புத்தகங்களும் கிடைக்கும், அச்சுப் புத்தகம் வீட்டுக்கு வராது.